வெயிலும் குடலும்



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்துக்கொண்டிருந்தான். மெலிந்த உடல், கூர்மையான அறிவு. கணக்கில் அவனை விஞ்சுவார் அவ்வகுப்பில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடவேளையிலும் ஒருமுறையேனும் எழுந்து நின்று வெளியே போக அனுமதி கேட்பான். சில நாள்களில் இரண்டு முறை, மூன்று முறையும் கேட்பான். ஆசிரியர்கள் என்னிடம் குறை கூறினர். பாடத்துக்கு அஞ்சி ஓடுகிறான் என்றே நானும் எண்ணினேன். ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் அவனை அழைத்து நிறுத்திக் கண்டித்தேன். அவன் மறுமொழி ஒன்றும் கூறவில்லை, தலைகவிழ்ந்து நின்றான்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோது, வயிற்றுவலியாலும் பேதியாலும் எடை குறைந்து படுக்கையில் கிடக்கிறான் என்று தெரிந்தது. குடலில் காசநோய் என்று கருதிப் பல மாதம் அதற்குரிய மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். நோய் தணியவில்லை. பிறகு வேறோர் ஊரில், குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்த்து, திசுவில் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அது கிரோன் நோய் என்று முடிவு செய்தனர். முதலில் பார்த்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். இவ்விரண்டு நோய்களும் குடலின் அதே பகுதியைத் தாக்குபவை. ஏறத்தாழ ஒரே வகையான புண்களை உண்டாக்குபவை. காசநோய் மிகுந்த நம் நாட்டில் தேர்ந்த மருத்துவர்களும் இவற்றைப் பிரித்தறிய இடர்ப்படுகிறார்கள். காரணம் தெரியாமலே கண்டித்தவன் நான் ஒருவனே.

ஆண்டுகள் பல கழிந்தபின், நான் பணியினின்று ஓய்வு பெற்றிருந்த வேளையில், அவன் என் இல்லம் தேடி வந்தான். நோய் ஒருவாறு அடங்கியிருந்தது. பேச்சினிடையே அவன் ஒரு கேள்வி கேட்டான்.

“ஐயா, என் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், டி வைட்டமின் மிகவும் குறைவாக இருக்கிறது என்கிறார். அது வெயில் பட்டால் தோல் தானே ஆக்கிக்கொள்ளும் சத்து என்று தாங்கள் எங்களுக்குப் பாடம் நடத்தினீர்கள். இந்த வெயிலில் பிறந்து வளர்ந்த எனக்கு அது குறைந்தது எப்படி? அந்தக் குறையால் இந்த நோய் வந்ததா? அல்லது நோயால் அந்தக் குறை வந்ததா?”

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவன் போன பிறகு நூல்களைத் தேடிப் படிக்கலானேன். படித்ததில் ஒரு பெரிய வரலாறே விரிந்தது. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

கதை குடலில் தொடங்கவில்லை. குழந்தைகளின் கால் எலும்பில் தொடங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுக் குழந்தைகளிடையே ஒரு நோய் பெருகியது. கால்கள் வில்லைப் போல் வளைந்தன, மார்பெலும்பு முன்னே துருத்தியது, முதுகு கூனியது. 1645ஆம் ஆண்டில் டேனியல் விஸ்லர் என்னும் மாணவர் ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற இந்நோயைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1650இல் பிரான்சிஸ் கிளிஸன் என்னும் பேராசிரியர் இலத்தீன் மொழியில் பெரிய நூலொன்றை வெளியிட்டார். ரிக்கெட்ஸ் என்ற பெயரால் உலகம் இதனை அறிந்தது. அவர்கள் நோயை நன்றாக வருணித்தார்கள். காரணம் மட்டும் அவர்களுக்குப் புலப்படவில்லை.

பிறகு தொழிற்சாலைகள் பெருகின. நிலக்கரிப் புகை நகரங்களின் மேல் போர்வையாகக் கவிந்தது. குறுகிய தெருக்களில், வெளிச்சம் புகாத வீடுகளில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்தார்கள். ரிக்கெட்ஸ் நகரத்து ஏழையின் வீட்டுச் சொத்தாயிற்று. 1822இல் போலந்து நாட்டு மருத்துவர் ஸ்நியாடெட்ஸ்கி என்பவர், வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு வரும் இந்நோய் சுற்றுப்புறத்துச் சிற்றூர்க் குழந்தைகளுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்து, வெயிலே மருந்து என்று எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. வெயில் எலும்பை எவ்வாறு தொடும் என்று அறிஞர்கள் கேட்டிருக்கலாம். அது நியாயமான கேள்விதான்.

அதே கருத்தை வேறொரு திசையிலிருந்து கண்டவர் தியோபால்ட் பாம். அவர் ஒரு மருத்துவப் பாதிரியார். ஜப்பானில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஜப்பானில் காணாத ரிக்கெட்ஸை இங்கே தெருவெங்கும் கண்டு திகைத்தார். சீனா, இந்தியா முதலிய நாடுகளில் இருந்த பாதிரிமார்களுக்குக் கடிதம் எழுதி, அங்கே இந்நோய் உண்டா என்று கேட்டறிந்தார். அந்நாடுகளில் பலவற்றில் ஏழ்மை இங்கிலாந்தைவிட மிகுதி, உணவும் குறைவு, ஆயினும் ரிக்கெட்ஸ் அரிது. அங்கே மிகுதியாக உள்ளது என்ன? வெயில்! இந்த முடிவை 1890ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை. கடிதமும் தேசப்படமும் கொண்டே ஒருவர் உண்மையின் வாயில் வரை நடந்து போயிருக்கிறார். பூகோளப் பாடத்தை அலட்சியம் செய்யும் மாணவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையில் வடகடல் ஓரத்து மீனவர்கள் காட் என்னும் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயைக் குழந்தைகளுக்குப் புகட்டி வந்தார்கள். அதன் நாற்றம் சகிக்கவொண்ணாதது. ஆனால் வளைந்த கால்களுக்கு அது நன்மை செய்தது. ஆக, ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகள்: ஒன்று வானத்திலிருந்து, மற்றொன்று மீனின் வயிற்றிலிருந்து. வெயில் என்றவர்கள் எண்ணெயை நம்பவில்லை. எண்ணெய் என்றவர்கள் வெயிலை நம்பவில்லை. இரண்டுக்கும் பொருத்தம் காண்பது எங்ஙனம்?

1919ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் பெரிய ஆண்டு. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்து, பெரும்பாலும் ஓட்ஸ் கஞ்சி முதலியவற்றைக் கொடுத்து வளர்த்தார். அவற்றுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. மீன் எண்ணெய் கொடுத்ததும் நீங்கியது. எண்ணெயில் அப்போது அறியப்பட்டிருந்த ஏ வைட்டமினே காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அந்தக் கருத்துத் தவறு. ஆனால் மருந்து சரி. அந்நாய்களை முற்றத்தில் வெயிலில் ஓடவிட்டிருந்தால் அவற்றுக்கு நோயே வந்திராது, அவருடைய சோதனையும் நிறைவேறியிராது என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்னும் குழந்தை மருத்துவர் வேறு வழியில் சென்றார். முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியில் குழந்தைகள் பசியாலும் நோயாலும் வாடிய காலம் அது. ரிக்கெட்ஸ் கண்ட நான்கு குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் புற ஊதா ஒளியில் இருத்தினார். சில மாதங்களில் எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் சுண்ணாம்பேறித் திண்மை பெற்றதைக் கண்டார். அவர் செய்த இன்னொரு சோதனை என் நெஞ்சைக் கவர்ந்தது. குழந்தையின் ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்தார். ஒளி பட்ட கையோடு படாத கையும் தேறியது! அப்படியானால் ஒளி எலும்பை நேரே தொடவில்லை. தோலில் ஏதோ ஒன்று உண்டாகி இரத்தத்தின் வழியே உடல் முழுதும் செல்கிறது. இத்தகைய நுட்பம் வாய்ந்த அம்மனிதர் யூதராகப் பிறந்தமையால் ஹிட்லர் ஆட்சியில் தம் நாட்டில் வாழ இயலாமல் எகிப்துக்குச் சென்று, 1940இல் அங்கேயே காலமானார்.

போரில் தோற்றுப் பட்டினி கிடந்த வியன்னா நகருக்கு இங்கிலாந்திலிருந்து ஹாரியட் சிக் என்னும் பெண்மணி தம் தோழியருடன் சென்றார். பகைநாடாக இருந்த ஊர் அது. அங்கே குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ஓராண்டு ஈராண்டு அல்ல, 1919 முதல் 1922 வரை தங்கி, சிலருக்கு மீன் எண்ணெய், சிலருக்கு வெயில், சிலருக்கு விளக்கொளி என்று கொடுத்துக் கணக்கெடுத்தார். எண்ணெயும் ஒளியும் ஒரே பலனைத் தருகின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது.

1922இல் அமெரிக்காவில் மக்காலம் என்பவர் மீன் எண்ணெயைச் சூடாக்கி, அதனூடே காற்றைச் செலுத்தி, அதிலிருந்த ஏ வைட்டமினை அழித்தார். அப்போதும் அந்த எண்ணெய் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. எனவே இது வேறு பொருள். ஏ, பி, சி என்ற பெயர்கள் முன்பே வழங்கியமையால் இதற்கு டி என்னும் எழுத்துக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து ஹாரி ஸ்டீன்பாக், உணவுப் பொருளின்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சினால் அந்த உணவுக்கே ரிக்கெட்ஸைத் தடுக்கும் ஆற்றல் வருகிறது என்று காட்டினார். ஜெர்மனியின் வின்டாஸ் இப்பொருளின் வேதியியலை ஆராய்ந்து 1928இல் நோபல் பரிசு பெற்றார். தோலில் கொழுப்பினத்தைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. புற ஊதா ஒளி அதன் வளையங்களில் ஒன்றை உடைக்கிறது. பிறகு உடற்சூட்டால் அது மெல்ல மெல்ல டி வைட்டமினாக மாறுகிறது. மீன் எண்ணெய்க்காரரும் வெயில்காரரும் ஒரே பொருளைப் பற்றித்தான் வழக்காடியிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சான்று ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1922ஆம் ஆண்டில் ஹட்சின்ஸன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் நாசிக் பகுதியில் கண்டதை எழுதினார்கள். வசதியுள்ள வீடுகளில், திரைமறைவில் வாழ்ந்த பெண்களிடமும் வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்பட்ட அவர்களுடைய குழந்தைகளிடமும் எலும்பு நோய் இருந்தது. அரைவயிற்றுக் கஞ்சி குடித்து, தாய் வயலில் வேலை செய்யும்போது வரப்பில் கிடந்த ஏழைக் குழந்தைகளுக்கு அது இல்லை. பாலும் நெய்யும் செய்யாததை வயல்வெளி செய்தது. வெயில் நாட்டில் பிறந்தால் போதாது, வெயில் உடலில் பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

என் மாணவனுடைய முதற்கேள்விக்கு இங்கேயே ஒரு பகுதி விடை கிடைக்கிறது. இந்த வைட்டமினை உண்டாக்கும் கதிர் புற ஊதாவின் ஒரு குறுகிய பகுதியே. சாளரக் கண்ணாடி அதனைத் தடுத்துவிடும். காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் அது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில்தான் அது தக்க அளவில் தரையை எட்டுகிறது. கருநிறத் தோலில் இயற்கை விரித்துள்ள நிறக்குடை அதில் ஒரு பங்கைத் தடுக்கிறது; எனவே நமக்குக் கூடுதல் நேரம் வேண்டும். நாமோ அந்த உச்சிவேளையில் வகுப்பறையில், அலுவலகத்தில், வாகனத்தில் இருக்கிறோம். வெளியே போனாலும் குடை பிடிக்கிறோம். அது தவறன்று, கத்திரி வெயிலை அறிந்தவர் யாரும் அதைத் தவறு என்னார். ஆனால் நம் நகரங்களில் செய்த இரத்தச் சோதனைகளில் இச்சத்து குறைந்தவர் பலராக இருப்பதன் காரணம் இதுவே. 

இனிக் குடலுக்கு வருவோம். 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் பெருங்குடல் முழுதும் புண்ணாகி இறந்த ஒரு பெண்ணின் உடலை ஆராய்ந்து, இது சீதபேதியினின்று வேறான நோய் என்று எழுதினார். 1913இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் டால்ஸியல், சிறுகுடல் தடித்துச் சுருங்கிய நோயாளர் சிலரைப் பற்றி எழுதினார். பார்வைக்குக் காசநோய் போலிருக்கிறது. ஆனால் காசக்கிருமியைக் காணோம் என்றார். நூறு ஆண்டுகளுக்கு முன் கிளாஸ்கோவில் ஒரு மருத்துவர் பட்ட அதே ஐயத்தில்தான் என் மாணவனின் பல மாதங்கள் கரைந்தன.

1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த மூவர் பதினான்கு நோயாளரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். சிறுகுடலின் கடைப்பகுதியில் வரும் தனி நோய் இது என்று நிறுவினர். அவர்கள் பெயர் கிரோன், கின்ஸ்பெர்க், ஒப்பன்ஹைமர். ஆங்கில அகரவரிசையில் கிரோனின் பெயர் முதலில் நின்றது. அதனால் நோய்க்கும் அப்பெயரே நின்றுவிட்டது. அந்நோயாளருக்கு அறுவை செய்த பெர்க் என்னும் மூத்த மருத்துவர் கட்டுரையில் தம் பெயர் வேண்டா என்று விலகிக்கொண்டாராம். அவர் சம்மதித்திருந்தால், அகரவரிசைப்படி இன்று நாம் பெர்க் நோய் என்றே சொல்லிக்கொண்டிருப்போம். 1956இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு இந்நோயால் குடலில் அடைப்பு ஏற்பட்டு அறுவை செய்தபோது, பொதுமக்களும் இதன் பெயரை அறிந்தார்கள்.

பெருங்குடல் புண் நோயையும் கிரோன் நோயையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய்கள் என்கிறோம். நம் உடலில் நோய் எதிர்ப்புப் படை ஒன்று உண்டு. குடலிலோ கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கற்றவை, பல நன்மை செய்பவை. அந்தக் குடிகளின்மேல், தக்க காரணமின்றி, எதிர்ப்புப் படை பாய்கிறது. போர்க்களமாவது குடற்சுவர். ஏன் பாய்கிறது? மரபு ஒரு காரணம், சூழல் ஒரு காரணம் என்பதற்கு மேல் முழு விடை இன்னும் இல்லை. முன்னர் மேனாட்டு நோய் என்று கருதப்பட்ட இவை இப்போது நம் நாட்டு நகரங்களிலும் பெருகி வருகின்றன. இளம் வயதினரையே மிகுதியாகப் பிடிக்கின்றன.

எலும்பின் கதையும் குடலின் கதையும் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன. சேர்ந்த இடம் கோழிக்குஞ்சின் குடல் என்றால் வியப்பீர்கள். டி வைட்டமின் எலும்புக்கு உதவுவது எவ்வாறு? முதன்மையாக, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சுமாறு அது செய்கிறது. ஆகவே அதன் முதல் வேலைத்தலம் குடலே. 1966இல் வாசர்மன் என்பவர் கோழிக்குஞ்சின் குடற்சவ்வில், இந்த வைட்டமின் கிடைத்தால் மட்டும் தோன்றும் ஒரு புரதத்தைக் கண்டார். 1969இல் ஹாஸ்லர், நார்மன் என்போர் அதே கோழிக் குடலில், இந்த வைட்டமினின் மாற்றுருவைப் பற்றிக்கொள்ளும் ‘ஏற்பி’ ஒன்றைக் கண்டனர். ஏற்பி என்பது பூட்டு, வைட்டமின் சாவி. பூட்டு இருக்குமிடமெல்லாம் சாவிக்கு வேலையுண்டு. தோலில் பிறந்த சத்து ஈரலில் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் மறுமுறை மாறித்தான் அந்தச் சாவியாகிறது என்பதும் அக்காலத்திலேயே தெளிவாயிற்று. 

பின்னர் 1983இல் எதிர்பாராத செய்தி வந்தது. அதே பூட்டு மனித இரத்தத்தின் வெள்ளை அணுக்களிலும் இருக்கிறது! எலும்புக்கும் சுண்ணாம்புக்கும் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதில்லை. அவை எதிர்ப்புப் படையின் வீரர்கள். அப்படியானால் இந்தச் சத்து அப்படையையும் ஆள்கிறதோ?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மார்கெரிட்டா கான்டோர்னா என்னும் அறிஞர், இயல்பாகவே குடல் அழற்சி காணும் ஓரின எலிகளைக் கொண்டு இதனைச் சோதித்தார். டி வைட்டமின் கிடைக்காத எலிகளுக்கு நோய் விரைந்து வந்து, பேதியும் மெலிவும் கண்டு மாண்டன. கிடைத்தவை நோய் முற்றாமல் தப்பின. 2008இல் சிக்காகோவில், அந்தப் பூட்டே இல்லாமல் பிறந்த எலிகளை ஆராய்ந்தார்கள். குடற்சுவரின் செல்கள் செங்கற்கள் போல் அடுக்கப்பட்டவை. அவற்றை இறுகப் பிணைக்கும் காரைபோன்ற அமைப்பு ஒன்று உண்டு. பூட்டில்லாத எலிகளில், புண் உண்டாக்கும் பொருளை ஊட்டியவுடன் அப்பிணைப்பு எளிதில் குலைந்தது. நுண்ணுயிர்கள் சுவரைத் தாண்டி உள்ளே புக வழி திறந்தது.

எலிக்கு மெய்யானது மனிதருக்கும் மெய்யோ? வடக்கே, வெயில் குறைந்த நாடுகளில் குடல் அழற்சி மிகுதி என்பது முன்பே தெரியும். அமெரிக்கச் செவிலியர் 72,719 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த ஆராய்ச்சி 2012இல் வெளிவந்தது. இச்சத்து மிகுந்திருக்கும் என்று கணக்கிடப்பட்டவர்களுக்குக் கிரோன் நோய், குறைந்திருக்கும் என்று கணக்கிடப்பட்டவர்களுக்கு வந்ததில் ஏறத்தாழப் பாதியளவே வந்திருந்தது. உள்ளம் துள்ளுகிறது அல்லவா? சற்றே பொறுங்கள். வடக்கு நாடுகளில் குறைந்தது வெயில் ஒன்றுதானா? உணவு வேறு, குளிர் வேறு, வாழ்க்கை முறை வேறு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய நம் நாட்டு வழியினருக்குப் பெருங்குடல் புண் நோய் அங்குள்ள வெள்ளையரைவிட மிகுதியாக வந்ததை 1992இல் கண்டனர். வெயிலை இழந்ததாலா? ஊறுகாயும் சோறும் போய் வேறு உணவு வந்ததாலா? ஒருசேர மாறிய பலவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக் குற்றவாளி என்று நிறுத்துவது எளிது. நானும் ஒருமுறை ஒரு சிறுவனை அவ்வாறு நிறுத்தியவன்தானே.

மறுபுறத்தையும் பாருங்கள். டி வைட்டமின் கொழுப்பில் கரைவது. கொழுப்பு செரிப்பதற்குப் பித்த உப்புகள் வேண்டும். அவ்வுப்புகளை மீட்டு உறிஞ்சி ஈரலுக்கு அனுப்புவது சிறுகுடலின் கடைப்பகுதி. கிரோன் நோய் மிகுதியாகப் பற்றுவதும் அதே கடைப்பகுதியைத்தான். அது புண்ணானால், அல்லது அறுவையால் நீக்கப்பட்டால், பித்த உப்பு வீணாகிறது, கொழுப்பு வீணாகிறது, அதனோடு இந்தச் சத்தும் வீணாகிறது. மேலும், எந்நேரமும் கழிவறையை நினைத்துக்கொண்டிருக்கும் நோயாளி வெளியே நடமாடுவது குறைவு. அவர்க்கு ஏது வெயில்? நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும் ஆற்றலைக் குறைத்து எலும்பைத் தேய்க்கின்றன. ஆகையால் குறையால் நோய் என்பதற்கு எத்துணைச் சான்றோ, நோயால் குறை என்பதற்கும் அத்துணைச் சான்று இருக்கிறது.

இச்சிக்கலை அவிழ்க்க ஒரு நுட்பமான வழியைக் கையாண்டார்கள். சிலர் பிறவியிலேயே, மரபணுக் கூறுகளால், இச்சத்து சற்றுக் குறைந்தவர்களாக இருக்கிறார்கள். அது நோயால் வந்த குறை அன்று. பிறக்குமுன்பே விழுந்த சீட்டு. குறைதான் நோயை உண்டாக்குகிறது என்றால், இவர்களுக்கு நோய் மிகுதியாக வரவேண்டும். டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து இதனைப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுக்கு நோய் மிகுதியாக வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. எனவே, இக்குறையே நோயின் வேர் என்று சொல்வதற்கு இன்று இடமில்லை.

வேராக இல்லாவிடினும் எரியும் தீக்கு விறகாக இருக்கலாம் அல்லவா? அதனை அறியச் சத்தைக் கொடுத்தே பார்க்க வேண்டும். டென்மார்க்கில் நோய் தணிந்திருந்த 94 கிரோன் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 1,200 அலகு டி வைட்டமினும், மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் ஓராண்டு கொடுத்தார்கள். 2010இல் வெளியான கணக்கு இது: சத்து உண்டவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு நோய் மீண்டது, வெற்று மாத்திரை உண்டவர்களில் 29 பேருக்கு. பாதிக்கும் குறைவு! ஆனால் ஆட்கள் சிலரே ஆதலால் இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை அந்தக் கணக்கு முழுதும் நீக்கவில்லை. நூலிழை இடைவெளி. கணக்கை நேர்மையாகப் போட்டு, “உறுதியாகவில்லை” என்றே அவர்கள் எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னர் வந்த பல சோதனைகளை ஒருங்கே தொகுத்து 2023இல் ஆராய்ந்தவர்களும், நோய் மீள்வது குறையலாம், ஆனால் சான்று வலுவற்றது என்றே எழுதினர். நோய் மூண்டிருக்கும்போது அதனைத் தணிக்கும் மருந்தாக இதனை யாரும் நிறுவவில்லை.

இதற்காகக் கடைக்குச் சென்று மாத்திரையை வாங்கி விழுங்கத் தலைப்படாதீர்கள். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் குழந்தைகளின் பால்மாவு முதலியவற்றில் டி வைட்டமினை அளவின்றிக் கலந்தார்கள். குழந்தைகள் சிலரின் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து, உணவை மறுத்து, வாந்தியெடுத்து, நலிந்தன. அதன்பின் அளவைக் குறைத்தார்கள். இல்லாமையால் கால் வளைந்த நாட்டிலேயே மிகுதியால் குழந்தைகள் நலிந்ததும் நடந்திருக்கிறது. சிறுநீரில் வெளியேறிவிடும் சத்து அன்று இது. கொழுப்பில் தங்கிச் சேர்வது. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். அழற்சி நோயாளர்க்கோ குறை இருந்தால் அதனை ஈடுசெய்தே ஆகவேண்டும். குடலுக்கு நன்மை உறுதியாகாவிடினும் எலும்புக்கு நன்மை உறுதி.

சென்ற தை மாதத்தில் அந்த மாணவன் மறுபடியும் வந்தான். இப்போது அவன் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறான். நான் படித்தவற்றை எல்லாம் அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் என் கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லையா, ஐயா?” என்றான்.

“இல்லை, தம்பி. நோயால் குறை வரும் என்பது உறுதி. குறையால் நோய் வளருமா என்பதை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்,” என்றேன். பிறகு, பல ஆண்டுகளாக என் உள்ளத்தில் இருந்ததையும் சொன்னேன். “அன்று வழிபாட்டுக் கூட்டத்தில் உன்னை நிறுத்தி நான் பேசியது பெரும் பிழை. காரணம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு.”

அவன் சிரித்தான். “அதை நான் மறந்துவிட்டேன், ஐயா. வேறொன்றுதான் நினைவிருக்கிறது. நம் வகுப்பறை வாயிலிலிருந்து கழிவறை வரைக்கும் 112 தப்படி. ஓடினால் 70. நாள்தோறும் எண்ணுவேன்,” என்றான்.